ஒன்று போனால் இன்னொன்று

வேலம்பாளையத்தில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. படித்தது மூன்று மாத ஹார்டுவேர் கோர்ஸ்தான். தலைக்கனம் மட்டும் ஐந்து வருடப் படிப்புக்கு உண்டானது. 2006இல் சர்வருக்குள் இரண்டு நெட்வொர்க் கார்டுகளைப் பொருத்தி, ஒரே கார்டுபோல வேலை செய்யும்படி இணைத்தேன். முதலாளி ஈஸ்வரமூர்த்தியை நிற்கவைத்து, ஒரு கார்டின் ஒயரைப் பிடுங்கிக் காட்டினேன். எந்தக் கம்ப்யூட்டரும் நிற்கவில்லை.

"பரவால்லீங்க முனீஸ்" என்றார் அவர். எனக்கு அது போதவில்லை. பனியன்களில் குறை பார்க்கும் செக்கிங் பெண்களிடமும் போய், "ஒண்ணு போனா இன்னொண்ணு தாங்கும்" என்று வாரக்கணக்கில் பீற்றிக்கொண்டேன்.

ஆயுத பூஜையன்று சர்வருக்கும் சந்தனம் பூசி மாலை போட்டார்கள். அவசர ஷிப்மெண்டுக்குப் பேக்கிங் லிஸ்ட் அடித்துக்கொண்டிருந்தபோது எல்லாக் கம்ப்யூட்டரும் ஒன்றாக நின்றன. மாலையைக் கழற்றி, சர்வரைக் கழற்றி, இரண்டு கார்டுகளையும் ஊதி ஊதி மாட்டினேன். ஒரு மணி நேரம் போனது. கடைசியில்தான் சுவரைப் பார்த்தேன். கார்டுகளின் இரண்டு ஒயர்களும் போய்ச் சேருவது, எல்லாக் கம்ப்யூட்டர்களையும் சர்வரோடு இணைக்கும் ஒரே நெட்வொர்க் சுவிட்ச் பெட்டியில்; அதன் கரண்ட் பிளக் கீழே கிடந்தது. பிளக் இருந்த இடத்தில் சாமி படத்தின் சீரியல் பல்பு மினுக்கிக்கொண்டிருந்தது.

"யாரு புடுங்கினது?" என்று கத்தினேன்.

"நான்தான் தம்பி" என்றார் செக்கிங் சின்னத்தாய் அக்கா. "ஒண்ணு போனா இன்னொண்ணு தாங்கும்னு நீங்கதான சொன்னீங்க? அதான் ஒண்ணை மட்டும் புடுங்குனேன்."

அவர் ஒன்றைத்தான் பிடுங்கியிருந்தார். இரண்டு ஒயர்களையும் அந்த ஒன்றில் கொண்டுபோய்ச் சொருகியவன் நான்.