ஆண்டாள் வீட்டு ரெண்டாவது கப்பு

ஆண்டாள் வீட்டில் ஒரு பருக்கை வீணாகிப் பார்த்தவர்கள் அந்தத் தெருவில் யாரும் கிடையாது. விருத்தாசலத்தில், பீங்கான் கம்பெனிகளுக்குப் பின்னால் இருக்கிற தெரு அது. புளி கரைத்த சக்கையில்தான் பித்தளை விளக்குவாள். அரிசி கழுவிய தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்குப் போகும். அரிசிக்குள் காய்ந்த வேப்பிலை கிடக்கும். வண்டு எட்டிப் பார்க்காது. கம்பெனியில் கழித்துப் போட்ட கிண்ணங்களில் தண்ணீர் ஊற்றி, அலமாரியின் கால்களை அதில் நிறுத்தியிருந்தாள். எறும்பு வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டது. கஞ்சப் பிசினாறி என்று முதுகுக்குப் பின்னால் சொன்னவர்களும் மாசக் கடைசியில் அவளிடம்தான் யோசனை கேட்டு வந்தார்கள். ஊர் வாய்க்கு வெட்கம் ஏது?

சோறு மிஞ்சாமல் இருந்ததற்கு ஒரு கைப்பிடியில்லாத கப்பு காரணம். கல்யாணமான புதிதில் கம்பெனியில் கப்புகளுக்குக் கைப்பிடி ஒட்டும் வேலைக்குப் போனாள். முதல் நாள் ஒட்டியதில் ஒன்று சூளைக்குள்ளேயே கைப்பிடியை உதிர்த்துவிட்டது. அங்கே சூளை வேலை பார்த்த அவள் புருஷன் பூவராகவன் அதை வீட்டுக்கு எடுத்துவந்து நீட்டினார்.

"நீ ஒட்டுன லட்சணத்த பாரு. அரிசி அளக்கவாவது ஆவுமா?"

ஆனது. ஆளுக்கு ஒரு கப்பு. மகள் யுவஸ்ரீயைத் திட்டக்குடியில் கட்டிக்கொடுத்த பிறகு வேளைக்கு இரண்டு. பானை காலியாகும்போதெல்லாம் பூவராகவன் சிரிப்பார்.

"ஆத்துல போட்டாலும் அளந்து போடும்பாங்க. நீ என் வயித்துல போடறதையே அளக்கற."

போன ஆவணியில் வேலைக்குக் கிளம்பியவர் வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. காரியம் முடிந்து கிளம்பும்போது யுவஸ்ரீ, "இனிமே ஒரு கப்பு போட்டா போதும்மா" என்றாள். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஒரு கப்பு போட்டதும் ஆண்டாளின் கை ஓயவில்லை. மறுபடி அரிசிக்குள் போனது. அவருடைய பங்கைப் போடாமல் உலையை மூட மனசு வரவில்லை. மிஞ்சியதை எறிவதா, அவளா? பச்சைமிளகாய், சீரகம், உப்பு வைத்துச் சோற்றை அரைத்து, பழைய வேட்டியில் வடகமாகக் கிள்ளி வைத்தாள். வேட்டி காற்றில் பறக்காமல் மூலைக்கொன்றாக உடைந்த பீங்கான் துண்டு. வீட்டில் இருந்த டப்பாக்கள் எல்லாம் நிறைந்தன. அவள் ஒன்றைக்கூடப் பொரிக்கவில்லை. காரக்குழம்புக்கு வடகம் கேட்கிறவர் அவர்தான்.

பக்கத்து வீட்டு திரௌபதி பக்குவம் கேட்டு வந்தாள். ஆண்டாள் ஒன்று விடாமல் சொல்லிக்கொடுத்தாள். டப்பாக்களைப் பார்த்த திரௌபதிக்குத்தான் சந்தேகம்.

"ஒரு ஆளு சாப்புடற வூட்டுல இவ்ளோ சோறு எப்படிக்கா மிஞ்சுது?"

ஆண்டாள் வடகத்தைத் திருப்பிப் போட்டாள்.

"ஒரு ஆளுக்குன்னு ஒல வெச்சா அவரு இல்லன்னு நானே சொல்ற மாதிரி இருக்குது திரௌபதி. சோறு மிஞ்சினா, இன்னும் சாப்பிட வரலன்னு நெனச்சுக்கலாம்."

திரௌபதி அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

ஐப்பசி அடைமழை பிடித்தது. நாள் கணக்கில் வெயில் இல்லை. அரைகுறையாய்க் காய்ந்த வடகத்தை ஃபேனுக்கடியில் போட்டும் பச்சைப் பூசணம் பூத்தது. வேட்டியை உதறியபோது நாற்றம் வீடெல்லாம் அடித்தது. அது அவர் கட்டிய வேட்டி. அவர் பங்குச் சோறு. வாழ்நாளில் முதல்முறையாக ஆண்டாள் சோற்றை எறிய வேண்டியதாயிற்று. குப்பைக்குக் கொடுக்க மாட்டாமல் கறிவேப்பிலைச் செடியடியில் குழி தோண்டிப் போட்டு மண்ணைத் தள்ளினாள். மழையில் நனைந்தபடி தள்ளும்போது, சுடுகாட்டுக்குப் பொம்பளைங்க வரக்கூடாது என்று அன்றைக்கு அவளை வாசலிலேயே நிறுத்திவிட்டது நினைவுக்கு வந்தது. அன்றைக்குச் செய்ய விடாததை இன்றைக்குத் தன் கையால் செய்கிறோம் என்று தோன்றியது.

வேட்டியைத் துவைத்துப் போட்டாள். உள்ளே வந்து உலை வைத்தாள். ஒரு கப்பு அரிசியைப் போட்டுவிட்டுக் கப்பைக் கவிழ்த்து வைத்தாள்.

வடித்துச் சாப்பிட்டு முடித்தபோது ஒரு பருக்கை மிஞ்சவில்லை. அவள் எத்தனையோ வருஷம் பெருமைப்பட்ட அதே காலிப் பானை. அதை மடியில் வைத்துக்கொண்டு ஆண்டாள் அழுதாள்.