கையைத் தூக்காதே, கிட்னி

“...என் கிட்னியை நானே பாக்கக் கூடாதா மாப்ள? நல்லா இருக்குது நியாயம்” என்றார் வாசலில் நின்ற மச்சான், என் மனைவியின் அண்ணன். சொல்லி முடிப்பதற்குள் ரெண்டு தும்மல்.

அவர் கேட்டதில் தப்பில்லை. தங்கைக்குத் தன் கிட்னியில் ஒன்றைக் கொடுத்துவிட்டு, கூட்டேரிப்பட்டு ரோட்டோரத்தில் பழையபடி பஞ்சர் ஒட்ட உட்கார்ந்துவிட்ட மனுஷர். அன்றைக்கு ஒரு பை மல்லாட்டையோடு, அதான் வேர்க்கடலையோடு, பஸ் ஏறித் திண்டிவனம் வந்துவிட்டார். கூடவே ஜுரத்தையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். நான் வாசக்காலில் குறுக்கே கையை வைத்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது டாக்டர் எனக்கு வகுப்பே எடுத்திருந்தார். எண்பதுகளில் அதெல்லாம் புதுச் சரக்கு. புரிந்த மட்டும் மச்சானிடம் அவிழ்த்துவிட்டேன். உடம்பில் ஒவ்வொரு செல்லும் தன்னிடம் இருப்பதில் ஒரு துணுக்கைக் கையில் ஏந்தி வெளியே காட்டுமாம். ரத்தத்தில் ரோந்து சுற்றும் காவல்காரர்கள் அதைப் பார்த்துத்தான் நம்ம ஆளா, வெளியாளா என்று முடிவு கட்டுவார்களாம். அண்ணன் கிட்னியே ஆனாலும் அங்கே வெளியாள்தான். அதனால் மாத்திரை கொடுத்துக் காவலைத் தூக்கக் கலக்கத்தில் வைத்திருக்கிறார்கள். சும்மா இருக்கிற நாளில் கிட்னி நாலைந்து கையைத்தான் நீட்டும். இவளுக்கு ஜுரம் ஒட்டிக்கொண்டாலோ, உடம்பு பூராவும் தகவல் பறக்கும். செல்லெல்லாம் மொத்தமாகக் கையைத் தூக்கும், பஸ்ஸைக் கண்ட கூட்டேரிப்பட்டு ஜனம் மாதிரி. காவல்காரன் முழித்துக்கொண்டால் கிட்னி போச்சு.

மச்சான் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “பஸ்ஸு நிக்கலன்னா நான் ரெண்டு கையையும் தூக்கிக்கினு நடு ரோட்டுக்கே வந்துடுவேன். என் கிட்னியாச்சே, அதுக்கு மட்டும் புத்தி வேற மாதிரியா இருக்கும்?”

இந்தக் கிட்னி தனக்குள் வந்ததிலிருந்து எந்நேரமும் டீ குடிக்கத் தோன்றுகிறது, அப்படியே அண்ணன் புத்தி என்று உள்ளேயிருந்து என் மனைவி கிண்டலடித்தாள்.

மச்சான் சிரிக்கவில்லை. பையை வாசலிலேயே வைத்துவிட்டுத் தெருவைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்றார். துண்டால் மூக்கையும் வாயையும் சுற்றிக் கட்டிக்கொண்டார். அவள் ஜன்னலுக்கு வந்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கிட்னியை வைத்துத் தைத்திருந்த அடிவயிற்றுப் பக்கமாகப் பார்த்துத் துண்டுக்குள்ளிருந்து அதட்டினார்: “இன்னொருத்தர் வூட்ல இருக்கற, அடக்கமா இரு. எவன் கூப்ட்டாலும் கையைத் தூக்காத, தெரியுதா?”

அவள் சிரித்துக்கொண்டே கையசைத்தாள். பதிலுக்கு மச்சானும் கையைத் தூக்கினார். பாதியில் என்ன நினைத்தாரோ, சட்டென்று இறக்கி, ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.