ஈரமானிக்கு ஒரு மாலை

‘இலை ஈரம்: உண்டு. காலை 7 முதல்.’ 29-9-2009, செவ்வாய்க்கிழமை என் கைபேசிக்கு வந்த குறுஞ்செய்தி இது. ஆங்கிலத்தில் வந்தது, தமிழாக்கம் என்னுடையது. அனுப்பியது மனிதர் அல்ல. கூடலூரில் என் மச்சானின் திராட்சைப் பந்தலுக்குள், ஒரு கம்பத்தில் கட்டியிருந்த சிம்கார்டு போட்ட பெட்டி.

கட்டியவர் ராயப்பன்பட்டிப் பெண். தொலைவில் ஒரு வேளாண் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி, அங்கேயே இளையவர்களுக்கு வகுப்பும் எடுப்பவர். இலை நனைந்தால் பெட்டி அவருடைய கணினிக்கும் எனக்கும் சேதி சொல்லும். மச்சானுக்கு ஆங்கிலம் வராது, அதனால் நான். ஈரம் தங்கினால்தான் இலைக்கடியில் அடிச்சாம்பல் நோய் பூக்கும். ஆகவே ஒரு பகுதிக்கு மட்டும் வாராவாரம் மருந்தடிப்பதை விட்டுவிட்டு, பெட்டி சொல்லும்போது அடிப்பதாக மச்சான் ஒப்புக்கொண்டிருந்தார். பெட்டி பிசகினால் அந்தப் பகுதிக் குலை அத்தனையும் போகும்.

செய்தியைப் பார்த்ததும் கூப்பிட்டேன்.

“மச்சான், அங்கன மழையா?”

“ஏலே மாப்ள, வெயில் மண்டையப் பொளக்குது. ஒம் பெட்டிக்குக் காச்சல் கீச்சல் அடிக்குதா?”

வைத்த கையோடு அந்தப் பெண் கூப்பிட்டார். வகுப்பு நடந்துகொண்டிருந்ததாம். “சார், பெட்டி அனுப்புற ஈரக் கணக்கைக் கோடா வரைஞ்சு, சுவத்துல காட்டிப் பாடம் நடத்திக்கிட்டிருக்கேன். வெயில் நேரத்துல எப்படி ஈரம்னு பிள்ளைக கேக்குறாக.”

மச்சானின் எண்ணைக் கொடுத்தேன். அவர் போனைக் காதில் வைத்தபடியே பந்தலுக்குள் போனாராம். ஈரம் பார்க்கும் தகட்டின் மேல் தடிமனான செவ்வந்தி மாலை. பெட்டி நெற்றியில் சந்தனம், குங்குமம். ஞாயிறன்று ஆயுத பூஜை. மூன்றாம் நாள் கழற்றும்வரை வாடக் கூடாதென்று, தோட்டத்து வேலைக்கார அக்கா காலையில் மாலைக்குத் தண்ணீர் தெளித்திருந்தார்.

“மோட்டாருக்குப் போட்டோம், மருந்தடிக்கிற மிசினுக்குப் போட்டோம். இது மட்டும் என்னய்யா பாவம் பண்ணுச்சு?” என்று அக்கா கேட்டது, அந்தப் பெண் ஒலிபெருக்கியில் போட்டிருந்த போன் வழியாக வகுப்பு முழுக்கக் கேட்டதாம். சிரிப்பு அடங்க நேரமானதாம்.

அந்தப் பெண் சிரிப்போடு விடவில்லை. “அண்ணே, இப்ப மாலையை எடுத்துட்டுத் தகட்டைத் துடைங்க” என்றார். மச்சான் துடைத்தார். சற்று நேரத்தில் கல்லூரிச் சுவரில் கோடு இறங்கியது. மறுபடி போடச் சொன்னார், ஏறியது. கருவி பொய் சொல்லவில்லை, தொட்டதைத்தான் சொன்னது என்று பிள்ளைகளே கண்டுகொண்டார்கள். 1996-இல் என் அண்ணன் மகன் வேளாண்மை படித்தபோது திராட்சை இலையைப் புத்தகத்தில்தான் பார்த்தான். இங்கோ ஒரு தோட்டமே வகுப்பின் கேள்விக்குப் பதில் சொல்லியது.

அக்டோபரில் அதே செய்தி மறுபடி வந்தபோது மச்சான் முதலில் பெட்டியைத்தான் போய்ப் பார்த்தார். மாலை இல்லை. இலையைத் தடவினார், நனைந்திருந்தது. அன்றே மருந்தடித்தார். வழக்கத்தைவிடக் குறைந்த தடவையே அடித்தும் அந்தப் பகுதிக் குலைகள் சுத்தமாக விளைந்தன. வெட்டும்போது நானும் இருந்தேன்.

பக்கத்துத் தோட்டத்தில் வாராவாரம் அடித்த மருந்து காற்றில் இங்கேயும் விழுந்திருக்குமோ என்று அந்தப் பெண்தான் கேட்டார். மச்சான் இல்லை என்கிறார். பக்கத்துத் தோட்டக்காரர், அப்போது காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று நினைவில்லை என்கிறார். குலைகள் சுத்தமாக விளைந்தது பெட்டியால்தானா என்பது இன்னும் உறுதிப்படவில்லை.