சோளம் அறுத்த பிறகு

என் நாள்பட்ட மலச்சிக்கலுக்குக் காரணம் குடல் எரிச்சல் நோய் என்கிறார் டாக்டர். இன்று காலை அரியலூர் வீட்டில் கணவர் எனக்காக விளக்கெண்ணெயைச் சூடாக்கினார். அந்த வாசனையில், சிறுவயதில் அத்தையோடு இருந்த குன்னத்து வீடு கண்முன் வந்தது.

சோளம் அறுத்துவிட்டால் காட்டில் ஒதுங்க மறைவிருக்காது. நான் அடக்கிக்கொள்வேன். அத்தை மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் ஊற்றுவார்.

“முழுங்குடி கழுதை!”

ஒருநாள் அவர் சேலையிலேயே துப்பினேன்.

“வயித்துக்கு ஒண்ணுமில்ல அத்தை. ஒதுங்க எடம் காட்டு!”

அத்தை கையை ஓங்கினார், அடிக்கவில்லை. மறுநாள் கொல்லையில் குச்சி நட்டு, அதே சேலையை மறைப்பாகக் கட்டினார்.

இன்று கணவரிடம் எண்ணெய் வேண்டாம் என்றேன். வெந்நீரில் கடுக்காய்ப் பொடி குடித்து, கழிவறையைத் தாழிட்டேன்.

“இன்னும் எவ்வளவு நேரம்?” என்று கதவைத் தட்டினார்.

“ஆகுற நேரம் ஆகும், போங்க!”