கடவுச்சொல் தெரிந்த இரண்டு பேர்

என் தம்பி மனைவிக்கு அலுவலகத்தில் 'டிகிரி' என்று பெயர். பட்டம் வாங்கியவள் என்பதால் அல்ல. அவள் படித்தது இரண்டு வருட வரைபடப் படிப்புதான். தன் கணினியின் சூடு இப்போது எத்தனை டிகிரி என்று ஒரு நாளைக்கு நாலு தடவையாவது பார்த்து வாய்விட்டுச் சொல்வாள். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். கேலி செய்தால் கோபப்பட மாட்டாள்.

"ஜுரம் பாக்குற மாதிரிதான் அண்ணி. பாத்துட்டா ஒரு நிம்மதி" என்பாள்.

தரை ஓடும் குழாயும் விற்கிற கடைக்கு மேலே, முதல் மாடியில், நாலு மேசை போட்ட கட்டட வரைபட அலுவலகம் அது. இன்னும் கட்டாத வீட்டின் கூடம் எப்படி இருக்கும், ஜன்னல் வழியாக வெயில் எங்கே விழும், சோபாவின் நிழல் எந்தப் பக்கம் சாயும் என்பதையெல்லாம் கணினியில் படமாக்கித் தருவது அவள் வேலை. எல்லாவற்றையும் வரைந்து முடித்துப் பொத்தானை அழுத்தினால், படம் வெளிவர ஐம்பத்திரண்டு நிமிடம் ஆகும். கணினிக்கு வயது பத்து. புதிது கேட்கும்போதெல்லாம் அலுவலகத்தை நடத்திய பொறியாளர், "அடுத்த பெரிய வேலை வரட்டும்மா" என்பார். பெரிய வேலைகள் வந்தன, போயின. கணினி மட்டும் அப்படியே இருந்தது.

பக்கத்து மேசையில் அவளைவிட ஆறு வயது மூத்த ஒரு பெண். கணவனைப் பிரிந்து வயதான அம்மாவுடன் இருந்தவர். இவள் அவரை 'அக்கா' என்று கூப்பிட்டாள். தம்பியின் அக்கா நான் இருக்க, எனக்கு 'அண்ணி'தான். அந்த 'அக்கா' அங்கே போய்விட்டது. கொஞ்சம் பொறாமைகூட எனக்கு உண்டு. ஆனால் குழந்தை பிறந்தபோது பிரசவ அறை வாசலில் எங்களோடு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தவர் அவர். குறை சொல்ல வாய் வராது.

அந்தப் பழைய கணினியை வேகமாக ஓட வைக்க முடியும் என்று இவள் எங்கோ படித்தாள். கணினியின் மூளையான ப்ராசசரை அதற்கு விதித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது. நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். எனக்கு இதெல்லாம் புதிது.

"எரிஞ்சு போயிடாதா?"

"அவசரப்பட்டா எரியும். நான் அவசரப்பட மாட்டேன்."

உண்மையாகவே அவசரப்படவில்லை. முதலில் பொறியாளரிடம் அனுமதி கேட்டு வாங்கினாள். எல்லாக் கோப்புகளையும் வேறு இடத்தில் பிரதி எடுத்தாள். பெட்டியைத் திறந்து பத்து வருட தூசியை பிரஷ் போட்டு எடுத்தாள். ப்ராசசருக்கும் விசிறிக்கும் நடுவே காய்ந்து கிடந்த பசையைச் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவி, பெரிய விசிறியாக ஒன்று மாட்டினாள். அதற்குப் பிறகுதான் கணினி விழிக்கும்போது வருகிற அந்த நீலத் திரைக்குள், பயாஸ் என்பார்களே, அதற்குள் போனாள்.

வேகத்தைத் தினம் ஒரு படி ஏற்றுவாள். ஏற்றியதும் அதை மூச்சு முட்ட வேலை வாங்கும் சோதனை ஒன்றை மதியம் முழுக்க ஓட விட்டுச் சூட்டைப் பார்ப்பாள். தாங்கினால் மறுநாள் அடுத்த படி. மூன்றரை கிகாஹெர்ட்ஸுக்குக் கொஞ்சம் கீழே இருந்த வேகம் நாலு புள்ளி நாலு வந்தபோது கணினி தொங்கி நின்றது. வோல்டேஜைக் கூட்டினால் அதையும் தாண்டலாம்; ஆனால் சூடு எகிறும். இவள் கூட்டவில்லை. இரண்டு படி இறங்கி, நாலு புள்ளி இரண்டில் நிறுத்திவிட்டாள். சூடு எழுபத்தைந்தைத் தாண்டவில்லை. படம் நாற்பத்திரண்டு நிமிடத்தில் வந்தது.

"நாலு படி ஏறத் தெரியும்னா ரெண்டு படி எறங்கவும் தெரியணும்" என்று என் தம்பி கிண்டலடித்தான். அன்றைக்கு வீட்டில் ஒரே சிரிப்பு.

யாரும் கை வைத்துவிடக் கூடாது என்று பயாஸுக்குக் கடவுச்சொல் போட்டாள். ஒன்றேகால் வருடம் ஒரு கோளாறும் இல்லை. பிறகு என் தம்பிக்குச் சிறுநீரகக் கல். அறுவை சிகிச்சைக்காக இவள் ஆறு நாள் விடுப்பு எடுக்க வேண்டி வந்தது. அந்த வாரம்தான் ஒரு தங்கும் விடுதிக்காரருக்குப் பதினான்கு படங்கள் தர வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புமுன் கடவுச்சொல்லை அக்காவிடம் சொன்னாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஃபோனில் அவள் பேசியது காதில் விழுந்தது.

"தொங்கிப்போச்சுன்னா உள்ள போயி பழைய வேகத்துக்கே எறக்கிடுங்கக்கா. எறக்கலாம், ஏத்த மட்டும் வேணாம்."

ஏழாம் நாள் அவள் வேலைக்குப் போனபோது மேசையில் கணினி இல்லை. மெயின் போர்டு எரிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. படங்கள் முடியவில்லை. விடுதிக்காரர் தன் ஆளை அனுப்பியிருந்தார். பொறியாளர் எல்லோரையும் உட்கார வைத்து, அந்த ஆள் முன்னாலேயே பேசினார்.

"மெஷின்ல தேவையில்லாம கை வெச்சது யாருன்னு எல்லாருக்கும் தெரியும்."

இவள் பதறிப்போய் பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். அக்கா குனிந்தபடி, மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னார்: "நான் அப்பவே இவகிட்ட சொன்னேன் சார், இதெல்லாம் வேணாம்னு."

அப்படி அவர் ஒருநாளும் சொன்னதில்லை. முதல் படம் சீக்கிரம் வந்தபோது கை தட்டியவர் அவர்தான்.

மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொன்னார்கள். மேசையைக் காலி செய்யும்போது இவளுக்கு ஒன்று நினைவு வந்தது. கணினியின் வேகம், வோல்டேஜ், சூடு மூன்றையும் நிமிடத்துக்கு ஒரு தடவை எழுதி அலுவலகத்தில் எல்லா மேசைகளுக்கும் பொதுவான தனி வட்டில் சேமிக்கும்படி வைத்திருந்தாள். கணினி போனாலும் அந்தக் கோப்பு அங்கேயே இருந்தது. அச்செடுத்துக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் பரப்பினாள்.

நாள் முழுக்க எண்களைப் பார்க்கிறவள் நான். எனக்கே புரிந்தது. அவள் விடுப்பில் இருந்த நாலாம் நாள், காலை பத்து மணி வரை எல்லாம் அவள் வைத்த அளவு. பத்தேகாலுக்கு வேகம் நாலு புள்ளி ஆறு. வோல்டேஜ் ஒரேயடியாக மேலே. சூடு தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றேழு என்று பக்கம் பக்கமாக. மதியம் மூன்று மணி ஏழு நிமிடத்தோடு வரிகள் நின்றுவிட்டன.

"தெரியாம பண்ணியிருப்பாங்க அண்ணி" என்றாள்.

"தெரியாம பண்ணியிருக்கலாம். தெரியாமயா உன்மேல போட்டாங்க?" என்றேன். அப்படிக் கேட்டிருக்க வேண்டாமோ என்று இப்போது தோன்றுகிறது.

மறுநாள் நானும் கூடப் போனேன். கீழே ஓட்டுக் கடை வாசலில், வேலைக்கு வந்துகொண்டிருந்த அந்தப் பெண்ணை இவள் நிறுத்தித் தாளைக் காட்டினாள். அவர் அதை வாங்கவில்லை; பார்த்ததோடு சரி.

"நான்தான் ஏத்தினேன்" என்றார். "சாயந்தரத்துக்குள்ள முடிச்சே ஆகணும், எவ்வளவு ஏத்த முடியுமோ ஏத்துன்னு சார் ஃபோன்ல சொன்னாரு. ஏத்தினேன். போயிடுச்சு."

"அத அன்னிக்கே சொல்லியிருக்கலாமேக்கா."

"ஆள் வந்து உக்காந்திருக்கான். யாராவது ஒருத்தர் பேரச் சொல்லியாகணும்னு சார் சொன்னாரு. நீ லீவுல இருந்தே."

"அதனால?"

அவர் கைப்பையைத் தோளில் ஏற்றிப் போட்டுக்கொண்டார். "உனக்கு வீட்டுல இன்னொரு சம்பளம் இருக்கு. எனக்கு யாரு இருக்கா சொல்லு? நீ புரிஞ்சுக்குவேன்னு நெனச்சேன்."

அந்தக் கடைசி வார்த்தைதான் இவளை உடைத்தது. பழி போட்டதைவிட, அதைப் பொறுத்துக்கொள்வாள் என்று நம்பிப் போட்டது.

இவள் படியேறிப் போனாள். நான் கீழேயே நின்றேன். உள்ளே நடந்ததை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பொறியாளர் தாள்களைப் பார்த்து ஆச்சரியப்படவே இல்லையாம். "தெரியும்மா" என்றாராம். நல்ல வேலைக்காரி என்று ஒரு கடிதம் தருவதாகச் சொன்னாராம்.

"லெட்டர் வேணாம் சார். விடுதிக்காரருக்கு ஒரு ஃபோன் போட்டு நடந்ததச் சொல்லுங்க. அது போதும்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இவள் தாள்களை எடுத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டாள். படியில் கைப்பிடியைப் பிடித்தபடி, ஒவ்வொரு படியாக. "போலாம் அண்ணி" என்றாள்.

இப்போது வீட்டின் பின் அறையில் சொந்தமாகத் தொழில் செய்கிறாள். நாலைந்து கட்டடக்காரர்கள் தொடர்ந்து வேலை தருகிறார்கள். விடுதிக்காரர் மட்டும் கடைசிவரை வரவில்லை. ஊருக்குள் அவர் சொல்லி வைத்த பேச்சால் முதல் வருடம் ரொம்பவே கஷ்டப்பட்டாள். இப்போது வேலை நிறைய, ஒரு ஆளால் முடிகிற அளவைத் தாண்டிவிட்டது. ஆள் வைத்துக்கொள் என்று என் தம்பி சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், போன மாதம் தானே விசாரித்து ஒரு பெண்ணை வரச் சொன்னான். அமைதியான பெண். கொண்டுவந்து காட்டிய படங்கள் நேர்த்தியாக இருந்தன. எனக்கே பிடித்துப்போயிற்று.

இவள் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தாள், காபி கொடுத்தாள், பாராட்டவும் செய்தாள். பிறகு, "இப்போதைக்கு ஆள் வேண்டியதில்லம்மா" என்று சொல்லி வாசல் வரை போய் வழியனுப்பினாள்.

தம்பிக்குக் கோபம். "அந்தப் பொண்ணுகிட்ட என்ன கொறையக் கண்டே?"

"ஒரு கொறையும் இல்ல" என்றாள். "நல்ல பொண்ணு. பக்கத்துல உக்கார வெச்சா நாலு நாள்ல எனக்குப் பிடிச்சுப்போயிடும். அப்புறம் பாஸ்வேர்டையும் சொல்லிடுவேன்."

அவள் பின் அறைக்குப் போய், இரண்டு ஆள் வேலையைத் தனியாகச் செய்ய உட்கார்ந்தாள்.