முந்திப் போகும் போன்

தோட்டத்துக் கிளினிக் ஆயா வேலையில் காயம் கழுவுவது சுலபம், கட்டுப் போடுவது சுலபம், தெரிந்த முகத்தைப் பார்த்து 'இல்லை' என்று சொல்வதுதான் கஷ்டம்.

எல்லாப் போனும் ஒன்றில்லை, சில போனுக்கு மட்டும் டவரில் தனி வழி உண்டு என்று எனக்கு முதலில் சொன்னவர், கிளினிக்கில் மருந்து கொடுக்கிற எங்கள் டிரஸ்ஸர் சிவலிங்கம் அண்ணன். போன வருஷம் புரட்டாசி முதல் சனிக்கிழமை. நான் விரதமிருந்து கிளினிக்கைக் கூட்டிக்கொண்டிருந்தேன். "சரசு, வெள்ளம், தீ, கலவரம்னு வந்தா எல்லாரும் ஒரே நேரத்துல போன் அடிப்பாங்க. லைன் அடைச்சிக்கும். அப்ப தீயணைப்பு, போலீஸ், ராணுவம், இவங்க போன் மட்டும் முந்திப் போகும். அதுல ஒன்னு நமக்கும் தர்றாங்க லா" என்றார்.

எங்கள் தோட்டம் லிங்கி ஆற்றோரம். வெளியே போக ஒரே ஒரு பாலம். பெருமழை பெய்தால் அது தண்ணீருக்கு அடியில் போய்விடும். பக்கத்து வீட்டு பாக்கியம் அக்காவின் மருமகள் மாலாவுக்குத் தலைப்பிரசவம் அப்படியொரு மழை நாளில்தான். யாருக்கும் லைன் கிடைக்கவில்லை. செம்பனைக் குலை ஏற்றுகிற டிரெக்டரில் படுக்க வைத்துக் கொண்டுபோனோம், பாதி வழியில் பிள்ளை பிறந்துவிட்டது. பாலர் பள்ளிக்குப் போகிற அந்தப் பெண்ணை இன்றைக்கும் எல்லாரும் 'டிரெக்டர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். போன் வந்த சமயம் மாலா மறுபடியும் முழுகாமல் இருந்தாள். நாள் குறித்திருந்தது டிசம்பரில், நல்ல மழை மாதத்தில்.

போனைக் கொண்டுவந்த அதிகாரி அம்மா ஒரு மலாய்க்காரர். கறாராகச் சொன்னார்: மூன்று மாதம் பார்ப்போம், யாரை எவ்வளவு நேரம் கூப்பிட்டீர்கள் என்று பட்டியல் வரும், சொந்தப் பேச்சுக்குப் பயன்படுத்தியிருந்தால் போன் வேறு தோட்டத்துக்குப் போய்விடும். டிரஸ்ஸர் மூன்று தோட்டத்துக்கு மோட்டாரில் அலைகிறவர். நான் கிளினிக்குக்குப் பின்னாலேயே குடியிருக்கிறவள். போன் என் கைக்கு வந்தது.

கோயில் பாத்திர அறைச் சாவியையோ, மைக் செட்டையோ, ஊருக்கே ஒன்றாக இருக்கிற நீள ஏணியையோ வீட்டில் வைத்துக்கொண்டு மாட்டிக்கொண்ட சகோதர சகோதரிகளே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

சாமி மேடையில்

நாட்டுப் பாதுகாப்புக்கு உரிய பொருளை எங்கே வைப்பது? அரிசி டின் மேலேயா வைக்க முடியும்? சாமி மேடையில் முருகனுக்குப் பக்கத்தில் வைத்தேன். மாலாவின் பிரசவம் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, தினமும் படங்களுக்கு வைக்கிற கையோடு போனுக்கும் திருநீறு பூசி, குங்குமம் வைத்தேன்.

மூன்றாம் நாள் டிரஸ்ஸர் அண்ணன் சரி பார்க்க வந்தார். பேசினார், பேசினார், எதிர்ப்பக்கம் ஒன்றும் கேட்கவில்லை போலும். போனைத் திருப்பிப் பார்த்தார். பேசுகிற துவாரம், கேட்கிற துவாரம் இரண்டும் அடைபட்டிருந்தன. ஊசி கொடுக்கும் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, குழந்தைக்குக் காது துடைப்பது போலத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "முருகனுக்குப் போன் தேவையில்ல சரசு, அவருக்கு நேரடி லைன் இருக்கு."

பட்டியலில் யார் முதல்

போனைத் தொடக்கூடியவர்கள் யார் என்று வரிசையாகப் பெயர் எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்லியிருந்தார்கள். முதலில் டிரஸ்ஸர், இரண்டாவது நான், மூன்றாவது கேட்டில் காவல் இருக்கிற நேப்பாளத் தம்பி. ஒட்டிய அன்று மத்தியானமே கோயில் தலைவர் முத்தையா மண்டோர் வந்துவிட்டார். கங்காணி வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிறது, 'மண்டோர்' மட்டும் பெயரோடு ஒட்டிக்கொண்டது. திருவிழாவில் பரிவட்டம் முதலில் கட்டுவது இவருக்குத்தான். கண்ணாடியைப் போட்டுப் பட்டியலை மேலிருந்து கீழே படித்தார். பிறகு கீழிருந்து மேலே படித்தார்.

"என் பேரு எங்கம்மா?"

"ஐயா, இது மரியாதை வரிசை இல்லீங்க. அவசரத்துக்கு யாரு கிளினிக் பக்கத்துல இருக்காங்கன்னு பார்த்து எழுதினது."

"எனக்கு மேல காவல்காரனா?"

"நீங்க மண்டபத்துப் பக்கம் இருக்கீங்க. ஓடி வரணுமே ஐயா."

"நான் எதுக்கு ஓடணும்?"

சமாதானமாக ஒன்று சொல்ல நினைத்து, உங்களுக்குத்தான் சொந்தப் போன் இருக்கிறதே, லைன் அடைத்துக்கொண்டால்தானே இது தேவை, உங்களுக்கு எப்போதாவது லைன் கிடைக்காமல் போயிருக்கிறதா என்று கேட்டேன். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "நான் யாருக்கும் போன் அடிக்கிறதே இல்ல, ஆள் அனுப்பித்தான் கூப்பிடுவேன்!"

வெள்ளிக்கிழமை சோதனை

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சோதனை அழைப்பு. கட்டுப்பாட்டு அறைக்கு அடித்து, தோட்டத்தின் பெயரைச் சொல்லி, "சோதனை, எல்லாம் நலம்" என்று மலாயில் சொல்லிவிட்டு வைத்துவிட வேண்டும். அரை நிமிஷ வேலை.

ஒரு மனுஷன் "ஹலோ" என்று சொன்ன பிறகு, சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்காமல் எப்படி வைப்பது? நான் "சுடா மக்கான்?" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பக்கம் இருந்தவர் பெயர் ஹஃபிஸ். இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். முதல் வாரம் "சாப்பிட்டேன் மக்சிக்" என்று அத்தை முறை வைத்துச் சொல்லி வைத்துவிட்டார். இரண்டாம் வாரம் என்ன சாப்பிட்டார் என்று சொன்னார். மூன்றாம் வாரம் அவர் அம்மாவின் முட்டிவலிக்கு வந்துவிட்டோம். நல்லெண்ணெயில் ஓமம் காய்ச்சித் தேய்க்கிற விதத்தைச் சொன்னேன், அவர் எழுதிக்கொண்டார். நானும் எங்கள் பாலத்தைப் பற்றி, டிரெக்டர் கதையைப் பற்றி, மாலாவுக்கு இந்த வாரம் கால் வீங்கியிருக்கிறது என்பதைப் பற்றியெல்லாம் சொன்னேன். பட்டியல் எழுதப்படுகிறது என்கிற நினைப்பே எனக்கு இல்லை. சாமி கும்பிட்டுவிட்டு வந்து ஒரு நல்ல பிள்ளையிடம் பேசுவதாகத்தான் நினைப்பு.

ஒரு வெள்ளிக்கிழமை டிரஸ்ஸர் அண்ணன் கட்டுப் போட ஆள் தேடி என் வீட்டு வாசலுக்கு வந்தவர், நின்று கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். "சரசு, நாட்டுல போர் வந்தா, எதிரிகிட்டயும் சாப்பிட்டியான்னுதான் கேப்ப போலருக்கு!"

ரேடியோ நிகழ்ச்சி

பாக்கியம் அக்காவுக்கு ரேடியோவில் பாட்டுக் கேட்டுப் பேச வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. எத்தனை தரம் அடித்தும் லைன் கிடைத்ததில்லை. கல்யாண நாள் காலையில், புதுப் புடவை கட்டி, கேசரித் தட்டோடு வந்து நின்றார்.

"ஒரே நிமிஷம் லா சரசு. முந்திப் போற போன்தானே, ரேடியோவுக்கும் முந்திப் போவட்டும்."

அந்தப் போன் டவரில்தான் முந்திப் போகும், ரேடியோக்காரர்கள் எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை என்று டிரஸ்ஸர் எனக்குச் சொல்லித் தந்ததை நான் அவருக்குச் சொல்லித் தந்தேன். கேசரி ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில் மனசு கேட்காமல், "அக்கா, யாருக்காக இந்தப் போனைப் பொத்திப் பொத்தி வச்சிருக்கேன்? உங்க மருமகளுக்காகத்தானே? பட்டியல்ல ரேடியோ நம்பர் வந்துச்சுன்னா போனைப் புடுங்கிட்டுப் போயிருவாங்க" என்றேன்.

பாக்கியம் அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "அவளுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கு சரசு, நிகழ்ச்சி பத்து மணியோட முடிஞ்சிரும்."

தீபாவளி

தீபாவளிக் காலையில் தோட்டம் முழுக்க ஒரே நேரத்தில் வாழ்த்துச் சொன்னதில் எங்கள் டவர் மூச்சடைத்துப் போனது. என் வாசலில் ஆறேழு பேர், ஆளுக்கொரு முறுக்குத் தட்டு. எல்லாரையும் திருப்பி அனுப்பினேன். முறுக்கை மட்டும் அனுப்பவில்லை.

எல்லாரும் போன பிறகு எனக்கே வந்தது சோதனை. நீலாயில் தொழிற்சாலையில் வேலை செய்கிற என் பெரியவனுக்கு அன்று லீவு இல்லை. என் சொந்தப் போனில் அடித்துப் பார்த்தேன், போகவில்லை. அந்தப் போனைக் கையில் எடுத்தேன். மூன்று எண்கூட அழுத்திவிட்டேன். மாலா தன் வீட்டு வாசலில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கோலத்தைச் சுற்றி மெல்ல நடந்து போவது ஜன்னலில் தெரிந்தது. போனைத் திரும்ப வைத்துவிட்டேன். மறுநாள் லைன் கிடைத்து இதையெல்லாம் அவனிடம் சொன்னபோது, மகன் சொன்னான்: "அம்மா, நேத்து நீங்க கூப்பிடலையேன்னு மந்தின்ல இருக்கிற நம்ம தங்கச்சி போலீஸுக்குச் சொல்லலாமான்னு கேட்டா."

செவ்வாய்க்கிழமை

டிசம்பரில் இரண்டு நாள் விடாமல் மழை. மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை காலை பாலம் மூழ்கியது. டிரஸ்ஸர் அண்ணன் அந்தப் பக்கம் வேறு தோட்டத்தில் மாட்டிக்கொண்டார். தோட்டத்துச் சனமெல்லாம் குடையோடு ஆற்றங்கரையில் நின்று தண்ணீரைப் படமெடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தது. பதினோரு மணிக்கு பாக்கியம் அக்கா தலைவிரி கோலமாக ஓடி வந்தார். மாலாவுக்கு வலி கண்டுவிட்டது, பனிக்குடம் உடைந்துவிட்டது. என் போனில் லைன் இல்லை. அக்கா போனில் இல்லை. நேப்பாளத் தம்பி போனில் இல்லை.

முருகா என்று அந்தப் போனை எடுத்தேன். வெள்ளிக்கிழமை போல் உடனே போகாது, திரும்பத் திரும்ப அடிக்க வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒரே மணியில் ஹஃபிஸ் "ஹலோ" என்றார். அவ்வளவு சீக்கிரம் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. சொல்ல வேண்டியதெல்லாம் மறந்து, வாயில் பழகினது வந்துவிட்டது. "ஹஃபிஸ், சுடா மக்கான்?"

பாக்கியம் அக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். ஹஃபிஸ் உடனே சொன்னார்: "மக்சிக், இன்னிக்கு வெள்ளிக்கிழமை இல்ல. மாலாவுக்கு வலி வந்திருச்சா?"

படகு

தீயணைப்புக்காரர்கள் ரப்பர் படகில் வந்தார்கள். மாலாவை நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் கரைக்குத் தூக்கி வந்தோம். வந்து பார்த்தால், முத்தையா மண்டோர் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு காலைப் படகுக்குள் வைத்துவிட்டார். தோட்டத்தின் சார்பாக முன்னே போய் ஆஸ்பத்திரியில் பேசுவாராம்.

படகை ஓட்டி வந்தவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். மாமா முறை வைத்து ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார்: "பக்சிக், பிரசவம் உங்களுக்கா?"

அந்த வலியிலும் மாலா சிரித்தாள். மண்டோர் காலை எடுத்துவிட்டார். அதோடு தன் குடையையும் விரித்து மாலா கையில் கொடுத்துவிட்டு மழையில் நின்றார், அதையும் சொல்ல வேண்டும்.

சாயங்காலம் தண்ணீர் வடிகிற நேரத்தில், மாலாவோடு படகில் போன பாக்கியம் அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா தெரியவில்லை. ஆண் பிள்ளையா பெண் பிள்ளையா என்றுகூட முதலில் சொல்லவில்லை. "சரசு, கட்டில்ல பொறந்திருக்கு! மெத்தை போட்ட கட்டில்ல!"

அதிகாரி அம்மா மறுபடியும்

பத்து நாள் கழித்து மூன்று மாதக் கெடு முடிந்து அதிகாரி அம்மா பட்டியலோடு வந்தார். மாலா பிள்ளை பெற்றுவிட்டாள், சரிதான். ஆனால் அந்தப் பாலம் அடுத்த மழைக்கும் மூழ்கும், அப்போது வேறு யாராவது ஒரு மாலா இருப்பாள்.

"ரேடியோ இல்ல, கடை இல்ல, சொந்தக்காரங்க இல்ல. நல்லது" என்று விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். விரல் நின்றது. "வெள்ளிக்கிழமை பதினோரு நிமிஷம். வெள்ளிக்கிழமை பதினாலு நிமிஷம். இது பத்தொன்பது. நாட்டுப் பாதுகாப்பு லைன்ல பத்தொன்பது நிமிஷம் என்ன பேசினீங்க?"

பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. "முட்டிவலிங்க" என்றேன். ஓமத்தைச் சொன்னேன். பாலத்தைச் சொன்னேன், கால் வீக்கத்தைச் சொன்னேன்.

அவர் பட்டியலை மூடினார். பாலம் மூழ்கிய அன்றைக்கு நான் தோட்டத்தின் பெயரையோ வீட்டையோ எத்தனையாவது பிரசவம் என்பதையோ சொல்லவே இல்லையாம். நான் விஷயத்தைச் சொல்லும் முன்னே ஹஃபிஸ் எல்லாவற்றையும் தீயணைப்புக்குச் சொல்லிப் படகை அனுப்பிவிட்டாராம். இப்படியொரு அழைப்பைத் தாம் கேட்டதே இல்லை என்றார். திட்டுகிறாரா புகழ்கிறாரா என்று முகத்தைப் பார்த்தும் தெரியவில்லை. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு சொன்னார்: "போன் இங்கயே இருக்கட்டும், ஆனா இனிமே வெள்ளிக்கிழமை டிரஸ்ஸர் பேசட்டும்."

டிரஸ்ஸர் அண்ணன் அரை நிமிஷத்தில் பேசி முடித்துவிடுகிறார், ஹஃபிஸ் அம்மாவின் முட்டி இப்போது எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டுச் சொல்வதில்லை.

மூன்று மாதம் நாட்டுப் பாதுகாப்பைச் சாமி மேடையில் வைத்துக் காத்ததில் நான் கண்டது, ஊர் வாயை அடக்கிவிடலாம், நம் வாயை அடக்குவதுதான் பெரிய பாடு.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: ஆறு ஏறுகிற நாளில் தண்ணீரைப் படமெடுத்து அனுப்பாமல், போனைக் கொஞ்ச நேரம் கீழே வையுங்கள்.