தம்பியின் பன்னிரண்டு விரல்கள்

தம்பி பிறந்தபோது அவனுக்கு இரண்டு கைகளிலும் ஆறாறு விரல்கள் இருந்தன. எனக்கு ஒன்பது வயது. எண்ணுவதற்குக் கூடுதலாகக் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். மலேசியாவின் உலு திராம் ஊரிலிருந்த எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் அந்த மகிழ்ச்சி இல்லை.

அப்பாவின் அக்காவான அத்தை தொட்டிலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"கிரகணத்தன்னிக்கு நண்டு ஒடைக்காதேன்னு சொன்னேன், கேட்டாளா? பிள்ளை கைய பாரு லா."

வந்து போன எல்லோரிடமும் அதையே சொன்னார். அப்பா மறுத்துப் பேசவில்லை. அம்மா அந்த வெயிலிலும் தம்பியின் கைகளுக்கு உறை மாட்டினாள். அந்த நண்டில் பாதியைத் தின்றவள் நான். பயந்துபோய் என் விரல்களைத் தினமும் எண்ணினேன்.

ஜொகூர் பாரு மருத்துவமனையில் தம்பி, அப்பா, அம்மா மூவருக்கும் ரத்தம் எடுத்தார்கள். முடிவு சொல்லும் நாளில் அத்தையும் வந்தார். தமிழ் டாக்டரம்மா ஒரு தாளில் நீளமாக ஒரு கோடு போட்டு, அதைச் சுருள் சுருளாக வளைத்துக் காட்டினார்.

"செல்லுக்குள்ள டிஎன்ஏ இப்படித்தான் மடிஞ்சு கெடக்கு. ஒவ்வொரு மடிப்பும் தனி ரூம் மாதிரி. தம்பியோட மரபணுவுல தப்பே இல்ல. ரெண்டு ரூமுக்கு நடுவுல இருக்க வேண்டிய சுவர்தான் இல்ல. பக்கத்து ரூம் சுவிட்ச் இந்த மரபணுவ முடுக்கிவிட்டு, விரல் கூடிருச்சு."

"அப்ப அந்த நண்டு..." என்றாள் அம்மா.

"நண்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. உங்க ரத்தத்துல இது இல்ல. அவர் ரத்தத்துல இருக்கு."

"அலமாக்! எனக்குப் பத்து விரல்தானே டாக்டர்?" அப்பா பதறிப்போய் இரு கைகளையும் மேசைமேல் விரித்தார். அவருடைய சுண்டுவிரல் ஓரத்திலிருந்த தழும்பைக் காட்டி, "இது என்ன?" என்றார் டாக்டரம்மா.

"சின்னப்பிள்ளையில அருவா பட்டது. அக்காவ கேளுங்க."

அத்தை அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்த்தார்.

"அருவா இல்ல தம்பி. பொறந்தப்ப அங்க ஒரு விரல் இருந்துச்சு. நூல் கட்டி விழ வச்சாங்க. வெளிய சொல்லக்கூடாதுன்னுட்டாங்க."

அப்பா தன் கையை யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா அழவில்லை, சண்டை போடவில்லை. தன் நாற்காலியை அத்தையின் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

"டாக்டர், இன்னொரு தடவ முதல்லேர்ந்து சொல்லுங்க. கொஞ்சம் சத்தமா."

டாக்டரம்மா சொன்னார். அம்மா மூன்றாம் முறையும் சொல்லச் சொன்னாள்.

எனக்குக் கணக்குச் சொல்லித்தரும் அம்மாவுக்கு இது ஏன் மண்டையில் ஏறவில்லை என்று வெட்கமாகப் போய்விட்டது. அவள் காதருகே குனிந்து, "எனக்கு முதல் தடவையே புரிஞ்சிருச்சும்மா" என்றேன்.